தாய் வலம், பாய் இடம்

அன்புள்ள ஐயா,

தேவிபட்டினம் பக்கம் ஒரு கடலோரக் கிராமம் எனக்கு. கல்லூரியில் என்.சி.சி. ‘சி’ சான்றிதழ் வாங்கினேன். ராணுவத்துக்கு முயன்றேன், கண் பார்வையில் தட்டிப்போய்விட்டது. ஒரு வருடமாக எங்கள் ஊர்ப் பையன்கள் பன்னிரண்டு பேருக்குக் காசு வாங்காமல் கடற்கரையில் ஓட்டமும் உடற்பயிற்சியும் சொல்லித்தருகிறேன். மூன்று பேர் அக்னிவீருக்குத் தேர்வாகிவிட்டார்கள். அங்கே போய்த் திணறக் கூடாதே என்று போன மாதம் டிரில் (கவாத்து) ஆரம்பித்தேன். அந்த மூவரில் ஒருவனுக்கு நடை வரவே இல்லை. வலது காலை எடுத்தால் வலது கையும் கூடவே போகிறது. மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் எரிச்சலில் அவனை மட்டும் தனியே நடக்கவிட்டேன். மறுநாளிலிருந்து வரவில்லை. கரைவலை இழுக்கப் போகிறான். என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். “ட்ரோன் பறக்கிற காலத்தில் லெப்ட் ரைட் எதற்கு, வெள்ளைக்காரன் விட்டுப்போன அடிமைப் பழக்கம்தானே” என்று அவன் அண்ணன் சண்டைக்கு வந்தார். எனக்குப் பதில் வரவில்லை. டிரில்லை எப்படிச் சொல்லித்தருவது? அது தேவைதானா?

(பெயர் வேண்டாம் ஐயா)

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் வந்து நான்கு நாளாகிறது. இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நீங்கள் தனியே நடக்கவிட்ட பையன் நின்ற இடத்தில் நானும் ஒருநாள் நின்றிருக்கிறேன்.

1986-இல் நான் ரங்ரூட்டாக, அதாவது ராணுவத்தில் புது ஆளாக, போய்ச் சேர்ந்த பயிற்சி மையம் வடக்கே இருந்தது. பெயர் எதற்கு. சாயல்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் வளர்ந்த எனக்கு இந்தியில் பத்து வரை எண்ணத் தெரியும், அவ்வளவுதான். ‘தேஜ் சல்’ என்கிற வேகநடை தொடங்கிய அன்றே மாட்டிக்கொண்டேன். இடது காலோடு இடது கை. உஸ்தாத் (பயிற்றுநரை அங்கே அப்படித்தான் கூப்பிட வேண்டும்) என்னை வரிசையிலிருந்து வெளியே இழுத்தார். மற்றவர்களை உட்காரச் சொல்லி, மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு என்னை நடக்கவிட்டார். சிரிக்காதவனுக்குத் தண்டனை என்றார். நடக்க நடக்க இன்னும் மோசமானது. ராத்திரி கட்டிலில் படுத்துக்கொண்டு கையையும் காலையும் மாற்றி மாற்றி அசைத்துப் பார்ப்பேன். படுத்திருக்கும்போது சரியாக வரும். காலையில் மைதானத்தில் கால் வைத்ததும் போய்விடும்.

இரண்டு நாள் கழித்து இன்னொரு உஸ்தாத், ஓய்வு பெறப்போகிற வயதுக்காரர், சாயங்காலம் சமையல்கூடத்துக்குப் பின்னால் கூட்டிப்போனார். அவர் பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது அவருக்குப் புரியாது. இரண்டு வாளி நிறையத் தண்ணீர் பிடிக்கச் சொல்லிக் கை காட்டினார். தூக்கிக்கொண்டு நட என்றார். ஊரில் மணலில் தோண்டிய ஊற்றில் தண்ணீர் இறைத்து வீடுவரை சுமந்த கை. சிந்தாமல் நடக்கத் தெரியும். நாலு சுற்று நடந்தேன். அதன்பிறகு வாளிகளைக் கீழே வைக்கச் சொன்னார், ஆனால் நிற்காதே என்று சைகை. வைத்துவிட்டு நடந்தேன். பத்தடி போயிருப்பேன், என் கையை விரலால் சுட்டினார். இடது கால் முன்னே இருந்தது, வலது கை முன்னே இருந்தது. அப்படியே போய்க்கொண்டிரு என்று தலையை ஆட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது தம்பி.

சின்ன வயதிலிருந்தே எல்லோரும் எதிர்க்கையை வீசித்தான் நடக்கிறோம். கால் ஒருபக்கம் போக, உடம்பு முறுகாமல் இருக்க எதிர்ப்பக்கக் கை முன்னே வருகிறது. அதை யாரும் யோசித்துச் செய்வதில்லை. பத்துப் பேர் பார்க்கிறார்கள், தப்பு செய்தால் திட்டு விழும் என்ற பயம் வந்ததும் உடம்பு தானாகச் செய்துகொண்டிருந்ததை மனசு கையில் எடுத்துக்கொள்கிறது. மனசுக்கு அந்த வேலை தெரியாது. அப்போது போய் “கை, கை” என்று கத்தினால் அவன் கவனம் முழுக்கக் கைக்குப் போய் இன்னும் இறுகிவிடும். கையைப் பக்கத்தில் ஒட்டவைத்துக் கால் நடையை மட்டும் நடக்கவிடுங்கள். தாளம் காலில் உட்கார்ந்த பிறகு கையைத் தளர்த்தச் சொல்லுங்கள். முட்டியை மடக்காதே, தோளுக்கு நேரே கொண்டுவா என்பதெல்லாம் அதற்கப்புறம்.

இந்தக் குழப்பம் புதிதும் இல்லை. 1741-இல் குளச்சலில் தோற்றுப் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய், தன்னைத் தோற்கடித்த திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே ஐரோப்பிய முறைக் கவாத்து சொல்லிக்கொடுத்தார். இடம் வலம் தெரியாதவர்களுக்கு ஒரு காலில் ஓலையும் ஒரு காலில் சீலைத்துணியும் கட்டி, “ஓலைக்கால், சீலைக்கால்” என்று நடத்தினார்கள் என்று அந்தப் பக்கம் ஒரு வழக்கு உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் விவசாயப் பிள்ளைகளுக்கு ஒரு காலில் புல்லும் ஒரு காலில் வைக்கோலும் கட்டினார்கள் என்று சொல்வார்கள். தெரியாதவனுக்கு ஒரு துணையைக் காலில் கட்டிக் கூட்டிப்போயிருக்கிறார்கள், அதைப் பாருங்கள்.

நம் பையன்களுக்கு மொழியும் ஒரு தடை. உத்தரவெல்லாம் இந்தி. ‘தாஹினே முட்’ என்றால் வலப்பக்கம் திரும்பு, ‘பாயேன் முட்’ என்றால் இடப்பக்கம். மைதானத்தில் அது ‘தாயினே’, ‘பாயே’ என்றுதான் காதில் விழும். என்னிடம் பயின்ற தமிழ்ப் பையன்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தது: தாய் வலம், பாய் இடம். முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள். ‘பீச்சே முட்’ பின்னால் திரும்பு, ‘தம்’ நில். ஒவ்வொன்றையும் தமிழில் பொருள் சொல்லி, நீங்களே செய்து காட்டி, பிறகு எண்ணிக்கையில் பிரித்துச் செய்யவிடுங்கள். ஒன்று என்றால் திரும்புவது, இரண்டு என்றால் பின்காலைச் சேர்ப்பது. எண்ணிக்கையில் பழகாமல் முழுசாகத் திருப்பினால் கட்டாயம் தடுமாறுவார்கள்.

உங்கள் குரலைக் கவனியுங்கள். உத்தரவுக்கு இரண்டு பாதி. ‘தேஏஏஜ்’ என்று நீளும் முதல் பாதி, என்ன வரப்போகிறது என்று சொல்கிறது. பிறகு ஓர் இடைவெளி. பிறகு ‘சல்’ என்று வெட்டினாற்போல இரண்டாம் பாதி. அந்த இடைவெளியில்தான் உடம்பு தயாராகிறது. புதிதாகச் சொல்லித்தருகிறவர்கள் அவசரத்தில் அதை விழுங்கிவிடுவார்கள். வரிசை கலைந்ததும் பையன்களைத் திட்டுவார்கள். கடற்கரையில் காற்று வேறு. மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும்போது காற்று உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்படி நில்லுங்கள், குரல் அவர்களிடம் போய்ச் சேரும். எதிர்க்காற்றில் நின்று கத்தினால் தொண்டைதான் போகும்.

மணலைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன், மைதானத்தில் கிடைக்காத ஒன்று உங்களிடம் இருக்கிறது. உலர்ந்த மணலில் வேண்டாம், கால் புதையும். அலை நனைத்துவிட்டுப் போன ஈரமணலில் நடத்துங்கள். ‘தேஜ் சல்’லுக்கு ஓர் அடி 30 அங்குலம், நிமிடத்துக்கு 120 அடி. உஸ்தாத்கள் இதை அளக்க ஒரு கவைக்கோல் வைத்திருப்பார்கள். நீங்கள் பனைமட்டையை 30 அங்குலத்துக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். நடந்து முடிந்ததும் எல்லோரையும் திரும்பி அவரவர் தடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மட்டையை வைத்து அவனே அளக்கட்டும். எந்த அடி குறுகியது, எங்கே பாதம் கோணலாக விழுந்தது என்று மணல் சொல்லிவிடும். நேராக விறைத்து நிற்கும் ‘சாவ்தா’னில் குதிகால் ஒட்டி, விரல்கள் 30 பாகையில் விரிந்திருக்கிறதா, காலை அகட்டித் தளர்ந்து நிற்கும் ‘விஷ்ரா’மில் கால்களுக்கு நடுவே 12 அங்குலம் இருக்கிறதா, அதுவும் தடத்தில் தெரியும். நீங்கள் வாய் திறந்து யாரையும் குறை சொல்ல வேண்டியிருக்காது.

ஒன்றே ஒன்று கண்டிப்பாகச் சொல்கிறேன். காலைத் தூக்கி ஓங்கி அடிக்கச் சொல்லிக்கொடுக்காதீர்கள். வீடியோவில் பார்த்துவிட்டுப் பையன்கள் சிமெண்ட் தளத்தில் கான்வாஸ் ஷூவோடு அடிக்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பில் மயிரிழை விரிசல் விழும். புது ரங்ரூட்டுகளுக்குச் சாதாரணமாக வருகிற காயம் அது. கையிலிருக்கும் வேலை அதனாலேயே தள்ளிப்போகும். கடற்கரைச் சரிவில் ஒரே திசையில் நெடுநேரம் நடத்தவும் வேண்டாம், ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே இருக்கும். போய்த் திரும்பி வரட்டும். வெயிலில் அசையாமல் நிற்கவைத்தால் ரத்தம் காலில் தங்கி மயங்கி விழுவார்கள். ஷூவுக்குள்ளேயே கால்விரலை அசைக்கச் சொல்லிக்கொடுங்கள், வெளியே தெரியாது.

அண்ணனின் கேள்வி நியாயமான கேள்வி. வரிசையாக நின்று போரிட்ட காலம் போய்விட்டது. ஒவ்வொரு குண்டையும் குழாய்வழி இடித்து நிரப்பவேண்டியிருந்த துப்பாக்கிக் காலத்தில் கவாத்துதான் போர். இன்று அப்படி இல்லை. ஆனால் அடிமைப் பழக்கம் என்பதற்கு நம் மண்ணிலேயே பதில் இருக்கிறது. ராமநாதபுரம் சீமையின் பனையூரில் பிறந்தவர் என்று சொல்லப்படும் யூசுப்கான், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் கவாத்து கற்றுச் சிப்பாய்களின் தளபதியானவர். பிறகு கம்பெனியையே எதிர்த்து மதுரைக் கோட்டையில் நின்றார். கோட்டைக்கு வெளியே நின்றது அவருக்குக் கவாத்து கற்றுக்கொடுத்த படை. காட்டிக்கொடுக்கப்பட்டு 1764-இல் தூக்கிலிடப்பட்டார். இன்றைய பயனைக் கேட்டால், நான் கண்டதைச் சொல்வேன். ஒருவருக்கொருவர் மொழி தெரியாத நாற்பது பேர், ஒரே குரலுக்குக் காத்திருந்து ஒரே நொடியில் அசையப் பழகுகிறார்கள். கையில் துப்பாக்கி வரும்போது அந்தக் காத்திருப்பு உயிரைக் காக்கிறது.

கவாத்து என்ற சொல்லே, விதிமுறைகள் என்று பொருள்படும் ‘கவாயித்’ என்ற உருதுச் சொல்லிலிருந்து வந்தது. செடியை வெட்டிவிடுவதற்கும் நம்மிடம் அதே சொல்தான். தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்று போடுகிறவர்களைக் கேட்டுப்பாருங்கள், எந்தக் கணுவில் கத்தி வைப்பது என்று பார்த்துப் பார்த்துத்தான் வெட்டுவார்கள். நான் உஸ்தாதான பிறகு ஒருமுறை பார்க்காமல் வெட்டியிருக்கிறேன். வாளியைத் தூக்கிப் பிழைத்த நானே, ஒரு பையனை எல்லோர் முன்னாலும் நடக்கவிட்டேன். நடை கற்றான், பயிற்சி முடிந்து உறுதிமொழி எடுக்கும் கசம் பரேடில் நன்றாகவே நடந்தான். விடைபெறும்போது மற்றவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். அவன் சல்யூட் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனான். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

அதனால் சொல்கிறேன், நீங்கள் அவனைத் தேடிப் போங்கள். போன் வேண்டாம், ஆள் அனுப்பவும் வேண்டாம். கரைவலை இழுக்கும் இடத்துக்கே போய், கயிற்றில் அவனுக்குப் பின்னால் நின்று நீங்களும் பிடியுங்கள். பாட்டுக்காரர் அடி எடுத்துக்கொடுப்பார், எதிர்ப்பாட்டு வரும்வரை யாரும் இழுக்க மாட்டார்கள். எதிர்ப்பாட்டில் அத்தனை காலும் ஒன்றாகப் பின்னே வைக்கும், கயிறு வரும். உத்தரவின் முதல் பாதி, இடைவெளி, இரண்டாம் பாதி. அவன் சின்ன வயதிலிருந்தே அதைச் செய்துகொண்டிருக்கிறான். வலையின் மடி கரையேறிய பிறகு, தப்பு உங்களுடையது என்று அவனிடம் சொல்லுங்கள். அவன் அண்ணன் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.

டிரில் தெரியாமலே போனாலும் அவனுக்கு நஷ்டமில்லை. ஆள்சேர்ப்பின் உடல்தகுதித் தேர்வில் 1.6 கிலோமீட்டர் ஓட்டம், கம்பியில் தொங்கி எழுவது, 9 அடிப் பள்ளம் தாண்டுவது போன்றவற்றைத்தான் பார்த்தார்கள், அதில் தேறிவிட்டான். டிரில்லை அங்கே ‘சாவ்தா’னிலிருந்து சொல்லித்தருவார்கள். பயந்துகொண்டு மட்டும் போகக் கூடாது.

வாடை தொடங்குவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் தேவிபட்டினம் வருகிறேன். அவன் வந்திருந்தால் அவனோடு நடக்கிறேன். வராவிட்டால் நாம் இருவரும் அவன் வீட்டுக்குப் போவோம். இரண்டு வாளி மட்டும் எடுத்து வையுங்கள்.