வாசகர் கேள்வி பதில்: ஒருவரா, மூவரா?

கேள்வி: தோட்டத்துக் கோயிலில் ஞாயிறு பாடசாலை எடுக்கிறேன். "ஒரே ஆள்தான் வீட்டில் அப்பா, மலையில் கங்காணி, பாட்டிக்கு மகன், கடவுளும் அப்படித்தான்" என்று திரித்துவத்தை (பிதா, குமாரன், ஆவியானவர் மூவரும் ஒரே கடவுள் என்பதை) விளக்கினேன். "அப்போ இயேசு யார்கிட்ட ஜெபிச்சார்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. என்ன சொல்லலாம்? (வாசகி, ஹட்டன்)

பதில்: பிள்ளை சரியான இடத்தில்தான் கையை வைத்திருக்கிறது. அப்பாவும் கங்காணியும் ஒரே ஆள் என்பதால் ஒருவரிடம் மற்றவர் பேச வழியில்லை. யோவான் 17:5இலோ, உலகம் உண்டாகும் முன்பே பிதாவிடம் தமக்கிருந்த மகிமையைக் குமாரன் கேட்கிறார். உங்கள் விளக்கப்படி அது வெறும் நடிப்பாகிவிடும். 3ஆம் நூற்றாண்டில் சபெல்லியஸ் போதித்ததும் ஏறத்தாழ இதுவே; திருச்சபை தள்ளிவிட்டது.

அதற்காக மறுபக்கம் சாய்ந்து, மூவரும் கடவுளின் மூன்று பங்கு என்றும் சொல்லாதீர்கள். இயேசு மூன்றிலொரு பங்கு கடவுளாகிவிடுவார். பிதா முந்தி இருந்து குமாரனைப் பிறகு படைத்தார் என்றால் அது ஆரியஸின் போதனை. 325இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் மறுத்தது அதைத்தான்.

வல்லமையிலோ அறிவிலோ மூவருக்கும் வித்தியாசமில்லை. பிதா எவரிடமிருந்தும் வராதவர்; குமாரன் பிதாவிடமிருந்து நித்தியமாகப் பிறப்பவர்; ஆவியானவர் புறப்படுபவர். ஆள் வேறு என்பது இந்த உறவில் மட்டுமே. 4ஆம் நூற்றாண்டில் கப்பதோக்கியாவின் ஆயர்களான பசிலியும் இரண்டு கிரகோரிகளும் இதைத் தெளிவாக்கினார்கள். (ஆவியானவர் குமாரனிடமிருந்தும் புறப்படுகிறாரா என்று கிழக்குத் திருச்சபைகளும் மேற்குத் திருச்சபைகளும் இன்னும் வாதாடுகின்றன, சின்னப் பிள்ளைகளிடம் அதைக் கொண்டுபோக வேண்டாம்.)

அடுத்த வகுப்பில் உவமையே வேண்டாம். இயேசு ஞானஸ்நானம் பெறும் மத்தேயு 3:16–17ஐ வாசித்து, "கரையேறுவது யார், இறங்குவது யார், பேசுவது யார்?" என்று கேளுங்கள். மூவரும் ஒரே நேரத்தில் அங்கே இருப்பதைப் பிள்ளைகளே சொல்வார்கள். ஒரே கடவுள் என்பதற்கு உபாகமம் 6:4ஐ அதோடு சேர்த்து வாசியுங்கள். இல்லாவிட்டால் மூன்று சாமி என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

கேள்வி: வெளிநாட்டில் உறவினர் பிள்ளைக்கு, "தந்தை, மகன், தூய ஆவி" என்பதற்குப் பதிலாகப் "படைப்பவர், மீட்பவர், புனிதப்படுத்துபவர்" பெயரால் திருமுழுக்குக் கொடுத்தார்களாம். செல்லுமா? (வாசகர், பண்டாரவளை)

பதில்: கத்தோலிக்கத் திருச்சபையில் செல்லாது. 2008இல் வத்திக்கான் இதைத் தெளிவாகவே அறிவித்தது. படைப்பதும் மீட்பதும் மூவரும் சேர்ந்து செய்வது. அதைச் சொன்னால் தந்தையையோ மகனையோ தனித்துக் குறிப்பிட்டதாகாது. இப்போது, "ஏற்கெனவே பெறாதிருந்தால்" என்ற நிபந்தனை வாசகம் சேர்க்காமல், முதன்முறை போலவே கொடுக்க வேண்டும். அன்று சொன்ன வாசகத்தைக் கேட்டவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு பங்குத்தந்தையைப் பார்க்கச் சொல்லுங்கள். சான்றிதழை மட்டும் பார்த்து அவரால் முடிவு சொல்ல இயலாது.