எக்ஸ் போட்ட வீடுகள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மடிப்பாக்கத்தில் வசிக்கிறேன். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நண்பர் ஒருவர் கூப்பிட, எங்கள் பகுதியிலுள்ள ஒரு சேவை சங்கத்தில் சேர்ந்தேன். ஒன்றரை வருடம் ஆகிறது. போன ஜூலையில் ஒரு பள்ளியில் நோட்டுப் புத்தகம் கொடுத்தோம். ஒரு சிறுமிக்கு ஐந்து நோட்டு. அதைப் பிடித்துக்கொண்டு நாங்கள் பதினோரு பேர். போட்டோ சரியாக விழவில்லை என்று, கொடுத்ததைத் திரும்ப வாங்கி மறுபடியும் கொடுத்தோம். அந்தப் பிள்ளை நிமிர்ந்தே பார்க்கவில்லை. அன்று ஃப்ளெக்ஸ், பொன்னாடை, டிபன் எல்லாம் சேர்ந்து நோட்டுகளின் விலையைத் தாண்டிவிட்டது. இதெல்லாம் சேவைதானா ஐயா? விலகிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

ஒரு வாசகர், மடிப்பாக்கம்

அன்புள்ள நண்பருக்கு,

விலகாதீர்கள்.

முதலில் அந்தச் சிறுமி. அடுத்த ஜூனில் பள்ளி திறக்கும்போதே நோட்டுகளைத் தலைமையாசிரியரிடம் ஒப்படைத்துவிடுங்கள். தன் டீச்சர் கையால் வாங்கிக்கொள்வாள். பணம் கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டுமென்றால் அடுக்கி வைத்த கட்டுகளைப் படமெடுத்து ரசீதோடு அனுப்பினால் போதும். ஒரு குழந்தை வீட்டின் இல்லாமையை வாட்ஸப்பில் சுற்றவிட நமக்கு எந்த உரிமையும் கிடையாது. கூட்டத்தில் எழுந்து இதைச் சொல்லுங்கள். உங்களைப் போலவே கூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நாலு பேர் அங்கேயே இருப்பார்கள்.

போட்டோவைவிட என்னை வருத்துவது வேறொன்று. ரோட்டரி சங்கம் ஆகட்டும், அரிமா (லயன்ஸ்) சங்கம் ஆகட்டும், ஜூலை 1 அன்று புதுத் தலைவர் வருவார், அடுத்த ஜூன் 30 அன்று இறங்கிவிடுவார். கையில் இருப்பது ஒரே வருடம். அதற்குள் தன் பெயர் சொல்ல ஏதாவது செய்துவிட வேண்டும் என்று ஓடுகிறார். போன வருடம் கட்டிக் கொடுத்த பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, குடிநீர் இயந்திரத்துக்கு ஃபில்டர் மாற்றினார்களா என்று போய்ப் பார்க்க ஆளில்லை. திறப்பு விழாவுக்கு நாற்பது பேர் வந்த இடத்துக்கு ஆறு மாதம் கழித்து ஒருவரும் வருவதில்லை.

இதே சங்கங்கள்தான் திரும்பத் திரும்பப் போயும் காட்டியிருக்கின்றன. போலியோவை ஒழிப்பது என்று ரோட்டரி 1985-இல் இறங்கியது. இந்தியாவில் கடைசி நோயாளி பதிவானது 2011 ஜனவரி 13 அன்று, ஹவுராவில். அந்த இருபத்தைந்து வருடத்தில் எத்தனை தலைவர்கள் மாறியிருப்பார்கள்! வேலை மாறவில்லை. அரசாங்கமும் சுகாதார ஊழியர்களும் முன்னின்ற அந்த வேலையில் ரோட்டரிக்காரர்கள் கடைசிவரை கூடவே இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை முகாமில் சொட்டு மருந்து போட்டு, பிள்ளையின் இடது கைச் சுண்டுவிரலில் மை வைத்ததோடு காரியம் முடியவில்லை. அடுத்தடுத்த நாட்களில் வீடு வீடாகப் போனார்கள். எல்லாக் குழந்தைக்கும் போட்டாயிற்று என்றால் கதவோரம் சாக்பீஸால் ‘பி’. வீடு பூட்டியிருந்தாலோ ஒரு பிள்ளை விட்டுப்போயிருந்தாலோ ‘எக்ஸ்’. அந்த எக்ஸ் வீட்டுக்குத் திரும்பவும் போக வேண்டும். போலியோ ஒழிந்தது அந்தச் சுவர்களுக்குத் திரும்பிப் போன கால்களால் என்றே நான் நம்புகிறேன்.

எனக்கு இது உறைத்தது ஒரு கண் சிகிச்சை முகாமில். பார்வையும் செவியும் இழந்த அமெரிக்க எழுத்தாளர் ஹெலன் கெல்லர் 1925-இல் அரிமா மாநாட்டிலேயே வந்து நின்று பார்வையற்றோருக்காகக் கேட்டுக்கொண்டார். கண் சேவை அரிமா சங்கத்தாரோடு ஒட்டிக்கொண்டது அப்போதுதான். நான் போனது வடசென்னையில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில், வேறொரு சங்கம் நடத்தியது. பார்வை பார்த்து, பிரஷர், சுகர் எல்லாம் பார்த்து, கண்புரை இருந்தவர்களை பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. கறுப்புக் கண்ணாடியோடு எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்துப் படமும் எடுத்தாயிற்று.

ஒன்பதாம் நாள் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனவன், பூக்கட்டும் பாட்டி ஒருவரின் வீட்டில் எட்டிப் பார்த்தேன். கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. மருந்து விடுகிறீர்களா என்று கேட்டேன். “தெனம் வுடறேன் கண்ணு. இன்னா அமுக்கியும் சொட்டு வுழ மாட்டேங்குது” என்று பாட்டில் ஒன்றை நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். பாட்டிலின் மூக்கில் துளையே இல்லை. மூடிக்குள் இருக்கும் முள்ளால் இறுகத் திருகி முதலில் துளை போட வேண்டும். அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஒன்பது நாளாக விரல்களால் பாட்டிலை அமுக்கிக்கொண்டு தலையை அண்ணாந்து காத்திருந்திருக்கிறார். மறுபரிசோதனைக்கு ஏன் வரவில்லை என்றால், கூட்டிப்போக பஸ் வரும் என்றிருந்தாராம். பஸ் வரவில்லை. உடனே ஆட்டோ பிடித்து ஓடினோம். கண் தப்பியது.

அந்த முகாமில் நாற்காலி போட்டவனும் மைக் பிடித்தவனும் நான். பட்டியலில் இருந்த அத்தனை பேரையும் அந்த வாரமே தேடிப்போனேன். வேறு யாருக்கும் மோசமாக ஆகவில்லை. ஆனாலும் இன்றுவரை அந்த ஒன்பது நாளுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அதனால்தான் உங்களை இருக்கச் சொல்கிறேன். வங்கியில் முப்பது வருடம் பேரேடு பார்த்தவர் நீங்கள். வராத தவணையைத் தேடிப்போய்ப் பழகியவர். அடுத்த முகாம் வைக்கும்போது மேடையை விட்டுவிட்டு, ஆபரேஷன் ஆனவர்களின் பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் எண்ணோடு பக்கத்து வீட்டார் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். மறுபரிசோதனை நாளுக்கான பஸ்ஸை முதல் நாளே பேசி வையுங்கள். மருந்து பாட்டிலைக் கொடுக்கும்போது, அவர்கள் கண்ணெதிரிலேயே திருகி, ஒரு சொட்டு விழுகிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள்.