தெப்பத்துல ஏறி பசிபிக் போகலாம் வாங்க

கேள்வி: மாமியார் படுத்த படுக்கையா இருக்காங்க சார், மூணு வருஷமா ஊர் தாண்டல. புக் படிச்சா உலகத்த பாத்த மாதிரி ஆகுமா? எதுலேருந்து ஆரம்பிக்கட்டும்?
- ஒரு வாசகி, தேனி

பதில்: ஆகும்மா, கண்டிப்பா ஆகும். தமிழ்ல ஏ.கே.செட்டியாரோட பயணக் கட்டுரைகள் இருக்கு, ஆனா நான் முதல்ல கையில குடுக்கறது நார்வேக்காரர் தோர் ஹெயர்டால் எழுதுன 'கோன்-டிக்கி'. 1947-ல அவரும் இன்னும் 5 பேரும் பால்சாங்கற லேசான மரம் 9 பெருசா எடுத்து கயித்தால தெப்பமா கட்டி, ஒரு ஆணி கூட அடிக்காம, பெரு நாட்டுலேருந்து கெளம்பி 101 நாள் பசிபிக்ல மெதந்து பாலினேசியாங்கற பசிபிக் தீவுக் கூட்டத்துல ரரோயியாங்கற பவளத்தீவுல போய் மோதுனாங்க. ராத்திரி பறக்கற மீன் எகிறி தெப்பத்துல விழும், காலைல பொறுக்கி வறுத்து சாப்புடுவாங்க. கயிறு ரெண்டே வாரத்துல அறுந்துரும்னு கடல் தெரிஞ்சவங்க சொன்னாங்க, ஆனா மரம் மெத்துனு இருந்ததால கயிறு அதுக்குள்ளயே அமுங்கி உரசாம தப்பிச்சிருச்சு, இத படிச்சப்ப புக்க மூடி வச்சிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன்.

ஒண்ணு மட்டும், தென் அமெரிக்காவுலேருந்து போனவங்கதான் அந்த தீவுகள்ல முதல்ல குடியேறுனாங்கன்னு அவர் சொன்னத ஆராய்ச்சியாளர்கள் ஏத்துக்கல, அந்த மக்களோட வேர் ஆசியா பக்கம்தான். போன்ல மேப்ப தொறந்து வச்சுக்கிட்டே படிங்க. அத்தைக்கும் சத்தமா கதையா சொல்லுங்க, அந்த மீன் விழற எடத்துலேருந்து.