மரத்தள மாடியில் பாத்ரூம்: டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்

மதுரை சிம்மக்கல்லில் தாத்தா காலத்து வீடு. மாடியில் தேக்கு உத்திரம், மேலே பலகைத் தளம். அம்மாவுக்கு முழங்கால் வலி, ராத்திரியில் கீழே இறங்க முடியவில்லை. மாடியில் பாத்ரூம் கட்டலாமா? நாலு இஞ்ச் செங்கல் ஜல்லி போட்டு டைல்ஸ் ஒட்டலாம் என்கிறார் கொத்தனார்.

தாராளமாகக் கட்டுங்கள். ஆனால் அந்த ஜல்லி வேண்டவே வேண்டாம். சதுர அடிக்கு ஏறக்குறைய 20 கிலோ ஏறும். ஆறுக்கு ஐந்து பாத்ரூம் என்றால் 600 கிலோ. டைல்ஸ், தண்ணீர், ஆள் எல்லாம் அதற்கு மேல். கான்கிரீட் தளத்துக்குச் சரியான வேலை மரத்தளத்துக்கு ஆகாது.

முதலில் உத்திரத்தைப் பாருங்கள். நடுவில் அல்ல, சுவருக்குள் நுழைகிற நுனியில். ஓதமும் கரையானும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் நல்ல தேக்கு முனையைத் தடுத்து நிறுத்தும். உளுத்தது பொதபொதவென்று உள்ளே விடும். அப்புறம் தரையில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்துவிட்டு, பக்கத்தில் குதிகால் ஊன்றி நடங்கள். தண்ணீர் தளும்பிக் கொட்டினால் தளம் ஆடுகிறது, குறுக்குக்கட்டை கொடுத்து இறுக்க வேண்டும். ஆடுகிற தளத்தில் எந்த டைலும் நிலைக்காது. இவ்வளவு பார்த்த பிறகும், சுமை தாங்குமா என்று ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கேட்டுவிட்டே ஆரம்பியுங்கள்.

வாட்டத்தைக் கலவையால் கொடுக்காமல், சரிவாகச் சீவிய ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) மேல் பிளைவுட் அறைந்து கொடுக்கலாம். 80க்கு 1 என்றால் ஐந்தடிக்கு முக்கால் இஞ்ச். கழிவுக் குழாயை வெளிச்சுவர்ப் பக்கம் கொண்டுபோங்கள். குழாய்க்காக உத்திரத்தில் வெட்டு போட யாரையும் விடாதீர்கள்.

பலகைமேல் நேராக சிமென்ட் கலவை வைத்து ஒட்டினால் என்ன?

பலகை ஐப்பசி மழையில் உப்பும், சித்திரை வெயிலில் சுருங்கும். டைல் இரண்டும் செய்யாது. ஒட்டு விட்டுப்போய், தட்டினால் பொக் என்று சத்தம் வரும். இடையில் பிளைவுட், அதன்மேல் சிமென்ட் போர்டு வேண்டும்.

எந்த பிளைவுட்? (திருமங்கலம்)

ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளை, 18 மி.மீ. ஆணி வேண்டாம், துரு ஏறாத ஸ்க்ரூ போடுங்கள். ஒரு பிளைவுட் ஷீட்டுக்கும் அடுத்த ஷீட்டுக்கும் 3 மி.மீ. இடைவெளி விடுங்கள்.

டைல் இடுக்கை அடைக்கும் கிரௌட்டை எபாக்ஸியில் போட்டால் வாட்டர்ப்ரூஃபிங் தேவையில்லை என்கிறார் டைல்ஸ்காரர். சரியா? (மேலூர்)

சரியில்லை. எபாக்ஸி நல்ல பொருள்தான், ஆனால் அது இடுக்கை மட்டுமே அடைக்கும். தண்ணீரைத் தடுப்பது டைலுக்கு அடியில் இருக்க வேண்டும். கான்கிரீட்டில் கசிந்தால் கீழ்வீட்டுக் கூரையில் கறை தெரியும். மரத்தில் கசிந்தால் உள்ளே உளுத்த பிறகே தெரியவரும்.

மரத்துக்கு வளைந்து கொடுக்கிற வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு கேட்டு வாங்குங்கள். விறைப்பான சிமென்ட் பூச்சு விரிசல் விட்டுவிடும். போர்டு இணைப்பு, சுவர் மூலை, குழாய் சுற்று, நஹானி டிராப் (தரையில் தண்ணீர் வடியும் வாய்) விளிம்பு, இங்கெல்லாம் முதலில் துணிப்பட்டை வைத்துப் பூச வேண்டும். பிறகு தரை முழுக்க இரண்டு கோட்: முதலாவது நீளவாக்கில், காய்ந்ததும் அடுத்தது குறுக்குவாக்கில். சுவரில் ஓரடி ஏற்றுங்கள், குளிக்கிற பக்கம் ஆறடி. வாசற்படியை மறக்காதீர்கள், பலரும் அங்கே பூசாமல் விட்டுவிடுகிறார்கள், தண்ணீர் அந்த வழியாகவே அறைப் பலகைக்குள் போகிறது.

பூச்சு டின்னில் சொன்னபடி நன்றாகக் காய்ந்த பிறகு டிராப்பை அடைத்து, ஓரிஞ்ச் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் வையுங்கள். கீழே போய் டார்ச் அடித்துப் பாருங்கள். அவசரம் என்று இதை மட்டும் தாண்டாதீர்கள்.

ஒட்டுப்பசை மதுரை வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. தண்ணீர் தெளித்துக்கொள்ளலாமா?

கூடாது. பூசியதை விரலால் தொடுங்கள். விரலில் ஒட்டாவிட்டால் ஆடை படிந்துவிட்டது, சுரண்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள். இரண்டு மூன்று டைலுக்கு வேண்டிய அளவே ஒரு தடவையில் பூசினால் இந்தத் தொல்லை இல்லை. வளைந்து கொடுக்கிற பாலிமர் பசையாக வாங்குங்கள். தரையும் சுவரும் சேரும் இடத்தில் கிரௌட் வேண்டாம், சிலிகான் விடுங்கள்.