பவுனா, பவுண்டா? கணக்குப் போடும் தேடுபொறி பற்றிச் சில கேள்விகள்

துணைப்பாட வகுப்பில் பல வருடமாக உல்ஃப்ரம் ஆல்ஃபா என்ற இணையக் கணக்குக் கருவியை வைத்துத்தான் விடை சரிபார்க்கிறேன். அதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கூகளில் தேடினாலே கிடைக்கிறதே அண்ணா, இது எதற்கு?

கூகளும் சின்னக் கணக்குகளைப் போடும்தான். ஆனால் அதன் முக்கிய வேலை, யாரோ எழுதிய பக்கத்தை எடுத்துக் காட்டுவது. ஸ்டீபன் உல்ஃப்ரம் 2009 மே மாதத்தில் வெளியிட்ட இது, சேர்த்துவைத்த தரவுகளை எடுத்து அங்கேயே கணக்குப் போடும். உள்ளே ஓடுவது 1988இல் வந்த மேத்தமேட்டிக்கா என்ற கணித மென்பொருள். சிங்கப்பூர் சுதந்திரம் அடைந்த 1965 ஆகஸ்ட் 9 என்ன கிழமை? திங்கள். அன்றிலிருந்து பொன்விழா நாளான 2015 ஆகஸ்ட் 9 வரை எத்தனை நாள்? 18,262. இதை யாரும் எங்கும் எழுதி வைத்திருக்கத் தேவையில்லை.

பாட்டி ஐந்து பவுன் சங்கிலி கொடுத்தார். எத்தனை கிராம் என்று கேட்டால் 2,268 என்கிறதே!

இரண்டேகால் கிலோ சங்கிலி! பாட்டியின் கழுத்து பாவம். நீங்கள் பவுன் என்று நினைத்து பவுண்ட் என்று தட்டியிருக்கிறீர்கள். அது எடைக் கணக்கில் ஒன்றுக்கு 453.6 கிராம் வைத்துப் பெருக்கிவிட்டது. நம் வீட்டுப் பவுன் 8 கிராம், ஆக 40 கிராம். விடைக்கு மேலே, உங்கள் கேள்வியை எப்படிப் புரிந்துகொண்டது என்று ஒரு வரி காட்டும். ‘எடை என்று எடுத்துக்கொண்டேன், பிரிட்டன் பணம் என்றால் இங்கே தட்டு’ என்கிற மாதிரி. பலர் அதைத் தாண்டி நேரே எண்ணுக்குப் போய்விடுகிறார்கள். விடையைவிட நான் முதலில் படிப்பது அந்த வரியைத்தான்.

உயர்நிலை 4, கூடுதல் கணிதம். லாக் 100 போட்டால் 2 வராமல் 4.605 வருகிறது. மென்பொருளில் கோளாறா சார்?

கோளாறு இல்லை தம்பி. நம் பாடநூலில் பத்தை அடிமானமாகக் கொண்ட மடக்கைக்கு (லாக்) ‘எல்ஜி’, இயல் மடக்கைக்கு (அடிமானம் e, ஏறக்குறைய 2.718) ‘எல்என்’. வெறும் ‘லாக்’ என்று கொடுத்தால் உல்ஃப்ரம் இயல் மடக்கை என்றே எடுத்துக்கொள்ளும். அடிமானம் 10 என்று சேர்த்துத் தட்டு. −8இன் கன மூலத்திலும் இப்படி ஒரு வம்பு உண்டு: −2 வரும் என்று காத்திருப்பாய், கற்பனைப் பகுதி உள்ள கலப்பெண் வந்து நிற்கும். மெய் மூலம் வேண்டும் என்று அதே பக்கத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

மகள் தொடக்கநிலை 6. வீட்டுப்பாடத்துக்குக் கொடுக்கலாமா?

விடை சரிபார்க்க மட்டும் கொடுங்கள் அக்கா. ‘அண்ணனிடம் தம்பியைப் போல் மூன்று மடங்கு தபால்தலை, 24 கொடுத்ததும் இருவருக்கும் சமம்’ என்ற கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சமன்பாடாக மாற்றித் தட்டினால் 24, 72 என்று வந்துவிடும். ஆனால் மாற்றுவதுதானே கணக்கு! அண்ணனுக்கு மூன்று கட்டம், தம்பிக்கு ஒன்று. கூடுதலாக உள்ள இரண்டில் ஒன்று கை மாறினால் சமம். ஆகவே ஒரு கட்டம் 24. இந்தப் பட்டைப் படத்தை அவள்தான் வரைய வேண்டும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டுக் கடன் கணக்கு?

தாராளமாக. 300,000 சிங்கப்பூர் வெள்ளி, 2.6 விழுக்காடு, 25 ஆண்டு என்று கொடுங்கள். மாதம் ஏறக்குறைய 1,361 வெள்ளி வரும். மொத்த வட்டி 108,000 வெள்ளியைத் தாண்டும். அந்த எண்ணைப் பார்த்த பிறகு என் மனைவி சமையலறைப் புதுப்பிப்பைத் தள்ளிப்போட்டார்.

சாட்ஜிபிடி இருக்கும்போது இது தேவையா?

அது அடுத்து வரக்கூடிய சொல்லை ஊகித்து எழுதுவது; கணக்குக் கருவியைக் கூப்பிடாமல் பெரிய பெருக்கலைச் செய்தால் தயங்காமல் தப்பாகச் சொல்லும். 2023இல் உல்ஃப்ரமையே அதோடு இணைத்தார்கள். கேள்வியைப் பிரித்துப் புரிந்துகொள்ள அது, எண்ணுக்கு இது என்று வைத்திருக்கிறேன்.

தமிழில் கேட்கலாமா?

முடியாது. ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சொல் போதும், இலக்கணம் பார்க்காது. பவுனை மட்டும் கிராமாக்கிவிட்டுத் தட்டுங்கள்.