கல்லில் படரும் நீலப்பச்சைப் படலத்துக்குப் பதில்

நண்பரே, உங்கள் மீன் தொட்டிக் கல்லில் நீலப்பச்சையாக வழவழவென்று ஒரு படலம் படர்கிறது, துடைத்தாலும் இரண்டே நாளில் திரும்பிவிடுகிறது, பாசி தின்னும் மீன் விட்டும் பயனில்லை என்கிறீர்கள். ஓரத்தைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், துணி மாதிரி முழுசாக உரிந்து வந்து மக்கிய வாடை அடித்தால் அது பாசியே இல்லை, சயனோபாக்டீரியா, அதாவது செடி மாதிரி வெளிச்சத்தில் வளரும் ஒரு பாக்டீரியா. அந்த மீன்கள் இதைப் பெரும்பாலும் தொடாது.

தேய்த்துக் கலைக்காமல், ட்யூப் வைத்துப் படலத்தை உறிஞ்சி எடுங்கள். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றிவிட்டு, விளக்கை அணைத்து, தொட்டியைக் கெட்டியான துணியால் 3 அல்லது 4 நாள் மூடி வையுங்கள்; ஏர் பம்ப் மட்டும் நிற்கவே கூடாது, ஏனென்றால் செத்து அழுகும் படலம் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும், மீன் மூச்சுக்குத் திணறிவிடும். துணியை எடுத்ததும் மறுபடி தண்ணீர் மாற்றுங்கள்.

அப்புறம் தண்ணீரில் நைட்ரேட் (மீன் கழிவிலிருந்து உண்டாகி, செடிக்கு உரமாகும் சத்து) அளந்து பாருங்கள். செடி வைத்த தொட்டியில் அது பூஜ்யமாக இருந்தாலும் இந்தத் தொல்லை வரும், பலர் இதைக் கவனிப்பதில்லை. தீனியைக் குறையுங்கள், தண்ணீர் ஓட்டம் எட்டாத மூலைப் பக்கம் ஃபில்டர் வாயைத் திருப்புங்கள். ஃபில்டர் பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள், குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின், பஞ்சில் வாழ்ந்து மீன் கழிவைச் சுத்தம் செய்யும் நல்ல பாக்டீரியாவைக் கொன்றுவிடும். எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து பற்றிக் கேட்டீர்கள், இப்போதைக்கு வேண்டாம், அது ஃபில்டரில் உள்ள நல்ல பாக்டீரியாவையும் பாதிக்கலாம்.