‘சாரத்தில் கால் வைத்தாலே நடுங்குகிறது’

கேள்வி: என் கணவருக்கு 38 வயது. சென்னையில் அடுக்குமாடிக் கட்டடங்களில், கான்கிரீட் போடப் பலகை அடித்து முட்டுக் கொடுக்கும் சென்ட்ரிங் வேலை பார்க்கிறார். மூன்று மாதங்களுக்கு முன் உடன் வேலை செய்த பையன் சாரத்திலிருந்து விழுந்து, இவர் கண்ணெதிரிலேயே இறந்துவிட்டான். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. நடுராத்திரியில் கத்திக்கொண்டு எழுகிறார். சாரத்தில் கால் வைத்தாலே உடம்பு நடுங்குகிறதாம். பிள்ளைகள் தட்டைக் கீழே போட்டால்கூட எரிந்து விழுகிறார். முன்பு சனிக்கிழமை கூலி வாங்கினால் மட்டும் குடிப்பார், இப்போது தினமும். மந்திரித்துக் கயிறு கட்டினோம். ஒரு மாதமாக ஊரிலேயே இருக்கிறார். முன்பணம் கொடுத்த மேஸ்திரி போன் மேல் போன் போடுகிறார். இது வெறும் பயமா, நோயா?
– வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: சகோதரி, நேரில் பார்க்காமல் நோயின் பெயரை முடிவாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் ஒரே பக்கம்தான் கை காட்டுகிறது. கெட்ட கனவு, சத்தம் கேட்டால் திடுக்கிடுவது, அந்த இடத்தையே தவிர்ப்பது, எடுத்ததற்கெல்லாம் கோபம்: கொடிய விபத்தைப் பார்த்தவர்களுக்கு முதல் சில வாரங்கள் இவை வருவது இயல்பு. ஒரு மாதம் தாண்டியும் நீடித்து, பிழைப்பையே முடக்கினால், அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோயா என்று பார்க்க வேண்டும். இது கோழைத்தனம் அல்ல. சிகிச்சை இருக்கிறது, பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். கயிறு கையில் இருக்கட்டும், அதனால் கெடுதல் இல்லை. மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள், அவ்வளவுதான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவருடைய பயத்தில் பாதி நியாயமானது. கட்டட வேலை செய்பவர்கள் என்னிடம் வரும்போது ‘பெல்ட் போடுவீர்களா’ என்று கேட்பேன். ‘போடுவோம் சார்’ என்பார்கள். ‘கொக்கியை எதில் மாட்டுவீர்கள்’ என்றால் பதில் வராது. பெல்ட் இடுப்பில் இருக்கும், கொக்கி காற்றில் தொங்கும். ஓரத்தில் தடுப்பு இல்லாத, கீழே வலை கட்டாத சாரத்தில் ஏறப் பயப்படுகிற மனிதருக்கு மாத்திரை மட்டும் கொடுத்து மேலே அனுப்புவது வைத்தியம் ஆகாது. எந்தக் கட்டடத்துக்குத் திரும்பினாலும், முதலில் இவற்றைக் கேட்டு வாங்கட்டும். அதைத் தருவது முதலாளியின் சட்டக் கடமை.

இப்போது எனக்கு அதிகக் கவலை தருவது குடிதான். குடித்தால் சீக்கிரம் கண் அசரும், உண்மை. போதை இறங்கும் பின்னிரவில் தூக்கம் கலைந்து, கனவுகள் இன்னும் மோசமாகும். அதற்காக ‘இன்றே நிறுத்து’ என்று சண்டை போடாதீர்கள். தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் கை நடுக்கம், வியர்வை, சிலருக்கு வலிப்பும் வரலாம். அதற்கு அடுத்த நாட்களில் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றலாம். இது உயிருக்கே ஆபத்து. மருத்துவர் மேற்பார்வையில் மாத்திரையும் வைட்டமின் பி1-ம் கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்கித் தருவதும் கூடாது. குடியோடு சேர்ந்தால் அது மூச்சையே அடக்கிவிடும்.

சிகிச்சை என்பது முக்கியமாகப் பேச்சு. நடந்ததைப் பாதுகாப்பான இடத்தில், பயிற்சி பெற்றவரிடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்ல வைப்பார்கள். தேவைப்பட்டால் செர்ட்ராலின் போன்ற மாத்திரை தருவார்கள். இது பழக்கமாகிவிடும் மாத்திரை அல்ல. பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் பிடிக்கும், அதற்குள் ‘கேட்கவில்லை’ என்று விட்டுவிடக் கூடாது. ஆரம்பத்தில் தலைசுற்றலோ மயக்கமோ வரலாம் என்பதால், மருத்துவர் சொல்லும்வரை உயரத்தில் ஏற வேண்டாம்.

வேலையைப் பற்றி: ஒரேயடியாக விடவும் வேண்டாம், ஒரேயடியாக மேலே ஏறவும் வேண்டாம். சென்ட்ரிங் பிரித்த பலகைகளில் ஆணி பிடுங்கி அடுக்குவது, முட்டுக்குழாய்களை எண்ணி ஏற்றி இறக்குவது என்று தரையிலேயே வேலை இருக்கிறதே. அதில் தொடங்கி, பிறகு முதல் மாடி என்று மருத்துவரோடு பேசிப் படிப்படியாகப் போகலாம். மேஸ்திரிக்குக் காட்ட மருத்துவச் சான்று கேட்டு வாங்குங்கள். முன்பணத்தைக் கழிக்க அவருக்கும் இது ஒரு வழி.

இன்னொன்று: ‘நான் போக வேண்டிய இடத்துக்கு அவன் போனான்’ என்பது போல ஏதாவது சொல்கிறாரா? அந்தக் குற்ற உணர்வு பலரை உள்ளுக்குள் அரிக்கும். இறந்தவர் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தால் அவர் குடும்பத்துக்கு உதவித்தொகை உண்டு. அதை வாங்கிக் கொடுக்க உங்கள் கணவர் அலைவாரானால் தடுக்காதீர்கள். அவரும் பதிந்திருக்கிறாரா என்று பாருங்கள், அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டவர்கள் நிறையப் பேர்.

‘செத்துவிடலாம்’ என்ற நினைப்பு வருகிறதா என்று அவரிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், வீட்டிலிருக்கும் பூச்சிமருந்தை அப்புறப்படுத்துங்கள், அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம், கட்டணம் இல்லை, தமிழில் பேசுவார்கள்.

உங்களுக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மனநலப் பிரிவில் காட்டுங்கள். முதல்முறை நீங்களும் உடன் செல்லுங்கள். எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார், வலிக்கு என்ன மாத்திரை போடுகிறார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அவர் வர மறுத்தால், ‘தூக்கத்துக்குக் காட்டுவோம்’ என்று சொல்லிக் கூப்பிடுங்கள். பொய்யும் இல்லை.